ஸ்னாப் கார்டில் சோடாவுக்குத் தடை போடுவதா, காய்கறிக்குச் சலுகை தருவதா?

அமெரிக்காவின் உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் மாதம் ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் இருக்கிறார்கள். உதவிப் பணம் வங்கி அட்டை போன்ற ஒரு கார்டில் வரும். 2024 நிதியாண்டில் தலைக்குச் சராசரியாக மாதம் 187 டாலர் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஆறு டாலரும் கொஞ்சம் சில்லறையும். அந்தப் பணத்தில் கோலா வாங்கலாமா என்ற சண்டை திட்டத்தைப் போலவே பழையது. 1964-இல் சட்டம் உருவானபோதே பிரதிநிதிகள் சபையின் வரைவில் குளிர்பானத்துக்குத் தடை இருந்தது. இறுதிச் சட்டத்தில் அது விழுந்துவிட்டது.

அறுபது ஆண்டு கழித்துக் காற்று திசை மாறியிருக்கிறது. 2004-இல் மின்னசோட்டா கேட்டபோதும் 2010-இல் நியூயார்க் நகரம் கேட்டபோதும் மறுத்த, திட்டத்தை நடத்தும் கூட்டாட்சி வேளாண்மைத் துறை, 2025 மே மாதம் நெப்ராஸ்காவுக்கு முதல் அனுமதியைக் கொடுத்தது. 2026 ஜனவரி 1 முதல் நெப்ராஸ்கா, அயோவா, இண்டியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் தடை அமலுக்கு வந்தது. இன்னும் பல மாநிலங்கள் வரிசையில் நிற்கின்றன.

"வரிப்பணத்தில் சர்க்கரைத் தண்ணீரா?" என்பதும் நியாயமாகப் படுகிறது, "ஏழை வீட்டுக் கூடையை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும்?" என்பதும் நியாயமாகப் படுகிறது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

## இப்போதே ஒரு கோடு இருக்கிறது

"எதை வேண்டுமானாலும் வாங்கலாம்" என்பது தவறான தொடக்கப்புள்ளி. மது, புகையிலை, வைட்டமின் மாத்திரை, சோப்பு, நாய் உணவு எதுவும் ஸ்னாப்பில் வாங்க முடியாது. கடையில் சூடாக விற்கும் முழுக்கோழியை வாங்க முடியாது. அதே கோழி ஆறிக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டால் வாங்கலாம். பிறந்தநாள் கேக் வாங்கலாம், ஆனால் மேலே செருகியிருக்கும் தின்ன முடியாத அலங்காரத்தின் மதிப்பு விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. எனர்ஜி டிரிங்க் டப்பாவின் முதுகில் 'ஊட்டச்சத்து விவரம்' என்ற கட்டம் இருந்தால் அது உணவு. 'துணைச்சத்து விவரம்' என்று இருந்தால் உணவல்ல. ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டப்பாக்களில் ஒன்று கார்டில் போகும், மற்றது போகாது.

ஆகவே கோடு போடலாமா என்று விவாதிப்பதில் பயனில்லை. எங்கே போட்டால் பில் இயந்திரம் குழம்பாமல் படிக்கும், போட்ட பிறகு வீட்டுச் சாப்பாடு மாறுமா என்பதுதான் விஷயம்.

## எதை வைத்து எடை போடுவது

மொத்தச் சாப்பாடு மாறுகிறதா. கார்டில் வாங்கியது மட்டும் கணக்கில்லை. கைக்காசில் வாங்கியதையும் சேர்த்து, அந்த வீட்டில் ஒரு வாரம் என்ன உள்ளே போனது என்று பார்க்க வேண்டும்.

கல்லாவில் தீர்மானிக்க முடியுமா. பார்கோடைத் தேய்த்ததும் 'சரி' அல்லது 'இல்லை' வர வேண்டும். மரியாதை பற்றிய கவலையையும் இங்கேதான் சேர்க்கிறேன். சட்டத்தில் ஒரு வாக்கியம் இருப்பதால் யாருக்கும் அவமானம் வருவதில்லை. பின்னால் ஆறு பேர் நிற்கும்போது கல்லாவின் நகரும் பெல்ட்டில் இருந்து ஒரு பொருளை எடுத்து ஓரம் வைக்கிறார்களே, அப்போதுதான் வருகிறது.

செலவு யார் தலையில். மாநிலமா, கடையா, வாங்குபவரா.

யாரைக் கடிக்கிறது. எல்லாரையும் சமமாகவா, கையில் காசே இல்லாதவரை மட்டுமா.

நிலைக்குமா. அடுத்த பட்ஜெட்டில் வெட்டு விழுந்தால் என்ன மிஞ்சும்.

## வழி 1: இருப்பதை அப்படியே விடுவது

இதன் பலம் எளிமை. ஒரே விதி நாடு முழுவதும். எந்த மாநிலக் கார்டும் எந்த மாநிலக் கடையிலும் வேலை செய்யும். கல்லாவில் தகராறு குறைவு.

பலவீனமும் கண்முன் இருக்கிறது. வேளாண்மைத் துறை 2016-இல் வெளியிட்ட ஆய்வு, 2011-இல் ஒரு பெரிய மளிகைச் சங்கிலியில் நடந்த விற்பனையை அலசியது. ஸ்னாப் குடும்பங்களின் மளிகைச் செலவில் இனிப்புப் பானங்களின் பங்கு 9.25 விழுக்காடு. மற்ற குடும்பங்களில் 7.1. சோடாவை மட்டும் எடுத்தால் 5.4-க்கு 4.0. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பலர் கற்பனை செய்யும் அளவுக்கு இல்லை. இந்த ஆய்வை இரண்டு தரப்பும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதற்கு அதுதான் காரணம்.

மறைந்த செலவு: இந்த வழி தனியாக நிற்பதில்லை, ஊட்டச்சத்துக் கல்வியை நம்பி நின்றது. அந்தக் கல்விக்கான கூட்டாட்சி நிதி 2025-இல் வந்த கூட்டாட்சி வரி, செலவுச் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. எனவே இன்று "அப்படியே விடுவது" என்றால், முன்பு இருந்ததைவிடக் குறைவாகச் செய்வது என்றுதான் பொருள்.

## வழி 2: சோடா, மிட்டாய்க்குத் தடை

கேட்க எளிது, எழுதக் கடினம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

### பணம் இடம் மாறும்

ஸ்னாப் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் தொடங்கலாம். குடும்பம் தன் நிகர வருமானத்தில் 30 விழுக்காட்டைச் சொந்தமாக உணவுக்குப் போடும் என்று வைத்துக்கொண்டு, அதை உச்சத்தொகையிலிருந்து கழித்து மிச்சத்தைத் தருகிறார்கள். 2026 நிதியாண்டில் நான்கு பேர் குடும்பத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உச்சத்தொகை 994 டாலர். நிகர வருமானம் 1,000 டாலர் என்றால் 300 கழிந்து 694 வரும். அதாவது, நிகர வருமானம் உள்ள எல்லாரும் கைக்காசும் போட்டு மளிகை வாங்குவார்கள் என்பது திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இப்போது மூன்று பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கார்டில் 560 டாலர், கையிலிருந்து 200, மொத்தம் 760. மேலே சொன்ன 9.25 விழுக்காட்டின்படி இனிப்புப் பானத்துக்கு 70 டாலர் போகிறது. தடை வந்தால்? அந்த 70-ஐக் கைக்காசில் கொடுத்துவிட்டு, முன்பு கைக்காசில் வாங்கிய அரிசியையும் பாலையும் கார்டில் வாங்குவார்கள். ஒரே கூடை, இரண்டு பில். உடம்புக்குள் போவதில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை.

இந்தக் கணக்கு முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. 2018-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, ஸ்னாப்பில் ஒரு டாலர் கூடினால் உணவுச் செலவு 50 முதல் 60 சென்ட் வரை கூடுகிறது என்றும், ரொக்கமாக ஒரு டாலர் வந்தால் அதைவிட வெகு குறைவாகவே கூடுகிறது என்றும் கண்டது. மக்கள் கார்டுப் பணத்தை மனதுக்குள் தனி உண்டியலில் போட்டு வைக்கிறார்கள். ஆகவே தடை கொஞ்சம் வேலை செய்யலாம். ஆனால் முழுதாகக் கடிப்பது யாரை என்றால், கைக்காசே இல்லாமல் உச்சத்தொகையை மட்டும் நம்பியிருக்கும் வீட்டை.

### 'மிட்டாய்' என்றால் என்ன

பெரும்பாலான வரைவுகள் இந்த இடத்தில் சறுக்குகின்றன. புதிதாக விளக்கம் எழுதச் சோம்பல்பட்டு, விற்பனை வரிச் சட்டத்தில் இருப்பதைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அயோவா அப்படித்தான் செய்தது: விற்பனை வரி விழும் உணவுப் பொருள்கள் கார்டில் கிடையாது. அந்த வரிச் சட்டத்தில் மிட்டாய் என்றால் இனிப்பும் சாக்லேட், பழம், கொட்டை போன்றவையும் சேர்ந்த கட்டியோ துண்டோ. ஆனால் மாவு சேர்ந்திருந்தால் அது மிட்டாய் இல்லை. விளைவு: வேஃபர் உள்ள சாக்லேட் பார் கார்டில் போகும், வெறும் சாக்லேட் போகாது. தேனில் ஒட்டிய கொட்டை பார், மாவு இல்லாத ஒரே குற்றத்துக்காக மிட்டாய் ஆகிவிடும். விற்பவரே முள்கரண்டி சேர்த்துக் கொடுக்கும் வெட்டிய பழக் கிண்ணம் 'தயார் உணவு' என்ற வரி வகைக்குள் விழக்கூடும். வரி வசூலிக்க எழுதிய விளக்கத்தை வைத்து வயிற்றை நிர்வகிக்கப் போனால் பருப்பு வேகாது.

பானத்திலும் இதே சிக்கல். வரிச் சட்டப் பாணியில் 'குளிர்பானம்' என்றால் இயற்கையோ செயற்கையோ ஏதாவது இனிப்பு சேர்த்த பானம். பாலும் பால் போன்றவையும், பாதிக்கு மேல் பழச்சாறு உள்ளவையும் விலக்கு. ஆகவே சர்க்கரையே இல்லாத டயட் சோடா தடைக்குள் வருகிறது. 355 மில்லி கோலாவில் 39 கிராம் சர்க்கரை. அதே அளவு ஆப்பிள் சாற்றிலும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தும் அது தப்பித்துவிடுகிறது.

கிராம் கணக்கு இதைவிடச் சுத்தமானது. 2010-இல் நியூயார்க் நகரம் 8 அவுன்ஸுக்கு 10 கலோரிக்கு மேல் உள்ள இனிப்புப் பானம் என்று கோடு போட முயன்றதற்குக் காரணம், அன்றைய லேபிளில் 'சேர்த்த சர்க்கரை' என்ற விவரமே கிடையாது. பெரிய நிறுவனங்களுக்கு 2020-இலிருந்தும் சிறியவற்றுக்கு 2021-இலிருந்தும் அந்த விவரம் கட்டாயம். இன்று "ஒரு பரிமாறலில் இத்தனை கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை" என்று எழுதினால், கடைக்காரர் லேபிளைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எதிர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம் இங்கே பலவீனமானது: சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் சோடா வேண்டாமா என்பது. அப்போது தேவை வேகமாக ஏறும் 15 கிராம் சர்க்கரை. அரைக் கோப்பைப் பழச்சாறு போதும், அது தடையில் இல்லை.

### கடையின் கணக்கு

2007-இல் வேளாண்மைத் துறை எழுதிய அறிக்கை, சந்தையில் 3 லட்சத்துக்கு மேல் உணவுப் பொருள்கள் இருப்பதாகவும் ஆண்டுக்குச் சராசரியாக 12,000 புதிதாக வருவதாகவும் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் 'சரி/இல்லை' குறி யாராவது போட வேண்டும். பெரிய சங்கிலிக் கடைக்கு இது மென்பொருள் வேலை. மாநிலத்துக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு சமாளித்துவிடும். பெட்டிக்கடை அளவிலான இடங்களில் கார்டு இயந்திரம் பில் இயந்திரத்தோடு இணைந்திருக்காது. கடைக்காரர் பொருள்களை இரண்டு குவியலாகப் பிரித்து, தொகையைத் தானே தட்ட வேண்டும். தவறாகத் தட்டினால் அது விதிமீறல். புதிய தடைகளுக்கு முதல் 90 நாள் சலுகைக் காலம் உண்டு, அதன் பிறகு நடவடிக்கை. சலித்துப்போன சிறு கடை ஸ்னாப்பே வேண்டாம் என்று ஒதுங்கினால், காரில்லாத ஏழைதான் தொலைதூரக் கடைக்கு அலைய வேண்டும்.

மாநில எல்லை இன்னொரு வேடிக்கை. தடை கடை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நெப்ராஸ்காவில் சோடாவும் எனர்ஜி டிரிங்கும்தான் தடை. அயோவாவில் மிட்டாயும் சேர்த்தி. நடுவில் மிசௌரி ஆறு. ஒமாஹாவில் கார்டில் போன மிட்டாய், பாலம் தாண்டி கவுன்சில் பிளஃப்ஸில் போகாது.

எப்போது இது சரி: இனிப்புப் பானத்தோடு நிறுத்திக்கொண்டு, கிராம் கணக்கில் விளக்கம் எழுதி, சிறு கடைகளுக்கு மாநிலமே பார்கோடு பட்டியலைக் கொடுக்கும்போது. 'மிட்டாய்', 'நொறுக்குத் தீனி', 'ஜங்க் ஃபுட்' என்று நீட்டினால் சரியல்ல.

## வழி 3: காய்கறி, பழத்துக்குச் சலுகை

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2011, 2012-இல் மாசசூசெட்ஸின் ஹாம்டன் மாவட்டத்தில் 7,500 ஸ்னாப் குடும்பங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, காய்கறி பழத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டைக் கார்டிலேயே திருப்பிப் போட்டார்கள். மாத உச்சவரம்பு 60 டாலர். உறைந்தது, டப்பாவில் அடைத்தது, உலர்த்தியது எல்லாம் சேர்த்தி, சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்க்காமல் இருந்தால் போதும். உருளைக்கிழங்கும் பழச்சாறும் கிடையாது. விளைவு: பெரியவர்கள் சாப்பிட்ட காய்கறி பழத்தின் அளவு நாளுக்குக் கால் கோப்பை, அதாவது 26 விழுக்காடு கூடியது. கேட்கச் சின்னதாக இருக்கும். உணவுப் பழக்கத்தை மாற்றும் திட்டங்களில் இது பெரிய எண்.

கூடியது காய்கறி. சோடா தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மறைந்த செலவுகள் மூன்று. முதலாவது, நிதி. கூட்டாட்சிச் சலுகைத் திட்டம் மானியமாக வருகிறது. ஊருக்கு ஊர் விண்ணப்பித்து, உள்ளூர்ப் பங்கும் திரட்ட வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. மாசசூசெட்ஸ் 2017-இல் சொந்தமாகத் தொடங்கிய திட்டத்தில் குடும்ப அளவைப் பொறுத்து மாதம் 40, 60, 80 டாலர் என்று இருந்த வரம்பு, 2024 டிசம்பரில் எல்லாருக்கும் 20 என்று சுருக்கப்பட்டது. இரண்டாவது, இடம். சலுகை உழவர் சந்தையில் மட்டும் என்றால், சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம். மூன்றாவது, நேரம். ஸ்னாப் பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் மாதத்தின் முதல் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. முதல் வாரம் வாங்கிய கீரை நான்காம் வாரத்துக்கு இருக்காது. உறைந்த காய்கறியை விலக்கி 'புதியது மட்டும்' என்று எழுதும் திட்டங்கள் இதை மறந்துவிடுகின்றன.

எப்போது இது சரி: மாநிலத்திடம் ஆண்டுதோறும் நிற்கும் பணம் இருந்து, சாதாரண மளிகைக் கடையிலேயே கார்டில் தானாக வரவு வைக்க முடிந்தால்.

## வழி 4: தடையும் சலுகையும் சேர்த்து

மினியாபொலிஸ் வட்டாரத்தில் 12 வாரச் சோதனை ஒன்று நடந்து 2016-இல் முடிவு வெளியானது. 279 பேர், நான்கு குழு: 30 விழுக்காடு சலுகை மட்டும், இனிப்புப் பானம், இனிப்புப் பலகாரம், மிட்டாய்க்குத் தடை மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல். இரண்டும் சேர்ந்த குழுவில்தான் உணவின் தரம் தெளிவாக ஏறியது, கலோரியும் இறங்கியது. கவனிக்க வேண்டியது, இவர்கள் அப்போது ஸ்னாப்பில் இல்லாத குறைந்த வருமானக்காரர்கள், காலமும் மூன்று மாதம்தான். ஆனாலும் தடையைத் தனியாகவும் சலுகையைத் தனியாகவும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த சோதனைகள் அரிது.

என் சாய்வு இந்தப் பக்கம்தான். சலுகை கொடுக்கும்போது குடும்பத்தின் மொத்த வாங்கும் சக்தி ஏறுகிறது. அதனால் கைக்காசே இல்லாத வீட்டைத் தடை மட்டும் கடிப்பது ஈடாகிறது. ஒரு கையால் பறித்தால் மறு கையால் கொடுக்க வேண்டும்.

சிக்கல் பணம். 2025 சட்டப்படி 2027 நிதியாண்டிலிருந்து நிர்வாகச் செலவில் மாநிலத்தின் பங்கு 50-லிருந்து 75 விழுக்காடு ஆகிறது. 2028-இலிருந்து, தொகை வழங்குவதில் பிழை அதிகமுள்ள மாநிலங்கள் உதவித்தொகையிலும் ஒரு பங்கு போட வேண்டும். இந்த நெருக்கடியில் தடைக்குச் செலவு குறைவு, சலுகைக்குச் செலவு அதிகம். ஆகவே இரண்டும் சேர்ந்த மசோதாவாகத் தொடங்கி, தடை மட்டும் சட்டமாகி வெளியே வரும் ஆபத்து உண்மையானது.

## வழி 5: விக் திட்டம் போல் அனுமதிப் பட்டியல்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விக் திட்டத்தில் எதை வாங்கக் கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. எதை வாங்கலாம் என்பதைப் பொருள், அளவு, பார்கோடு வரை மாநிலம் பட்டியலிடுகிறது. 2009-இல் அந்தப் பட்டியலில் சாறு குறைந்து முழுத்தானியமும் காய்கறி பழமும் சேர்ந்தபோது, வாங்கும் கூடையும் மாறியது, கடைகளும் அவற்றை வாங்கி வைக்கத் தொடங்கின.

சில டஜன் வகைப் பொருள்களுக்கு இது அருமை. ஒரு குடும்பத்தின் முழு மளிகைக்கும் நீட்டினால் தாங்காது. ரொட்டியின் அவுன்ஸ் அளவு பட்டியலோடு பொருந்தவில்லை என்று கல்லாவில் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் விக் தாய்மார் பலருக்கு உண்டு.

(சோடா வரி என்று ஆறாவது வழியும் உண்டு. ஸ்னாப்பில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி போடக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. பிலடெல்பியா அவுன்ஸுக்கு 1.5 சென்ட்டை மொத்த விநியோகத்தில் விதிப்பதால், அது அலமாரி விலையில் ஏறி எல்லாரையும் சேர்கிறது. 2 லிட்டர் பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒரு டாலர். ஏழையை மட்டும் குறிவைக்கவில்லை என்பது இதன் தனி நன்மை.)

## ஒரே பார்வையில்

| வழி | மொத்தச் சாப்பாட்டில் மாற்றம் | கல்லாவில் | செலவு யாருக்கு | வெட்டு விழுந்தால் |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | இல்லை | எளிது | புதிதாக இல்லை | பாதிப்பு இல்லை |
| பானத்துக்கு மட்டும் தடை | கொஞ்சம் இருக்கலாம் | கிராம் விளக்கம் இருந்தால் சமாளிக்கலாம் | கடை, உச்சத்தொகை வீடுகள் | தடை அப்படியே நிற்கும் |
| மிட்டாய், தீனிக்கும் தடை | தெளிவில்லை | தகராறு | சிறு கடை, வாங்குபவர் | தடை அப்படியே நிற்கும் |
| சலுகை மட்டும் | காய்கறி கூடும், சோடா அப்படியே | எளிது | அரசு | முதலில் சுருங்கும் |
| பானத்தடையும் சலுகையும் | இருப்பதில் நல்லது | நடுத்தரம் | அரசு, கடை | தடை மிஞ்சும், சலுகை போகும் |
| அனுமதிப் பட்டியல் | பெரிது | கடினம் | எல்லாருக்கும் | பட்டியல் பழசாகும் |

## வரைவு கையில் வந்தால் எதைத் தேடுவது

மாநில மசோதா ஒன்றை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவெடுக்க, தலைப்பைப் பார்க்க வேண்டாம், விளக்கப் பிரிவைத் திறக்கவும். விளக்கம் 'விற்பனை வரிச் சட்டத்தில் உள்ளபடி' என்று வேறு சட்டத்தைக் கைகாட்டினால் கோணல் உறுதி. சேர்த்த சர்க்கரை கிராமில் இருக்கிறதா, டயட் பானம் எந்தப் பக்கம் என்று பார்க்கவும். பார்கோடு பட்டியலை யார் தயாரித்து யார் புதுப்பிப்பது என்று எழுதியிருக்க வேண்டும். "கடைக்காரர் பொறுப்பு" என்று மட்டும் இருந்தால் சிறு கடை மாட்டிக்கொள்ளும். சலுகையும் தடையும் ஒரே மசோதாவில் இருந்தால், சலுகை நிதி நின்றால் தடையும் தானாக நிற்கும் என்ற பிரிவு உண்டா என்பது நான் முதலில் தேடும் வரி. அது இல்லாத சேர்க்கை மசோதா, நடைமுறையில் வழி 2 தான்.

கடைசியாக அளவிடும் முறை. தடையின் வெற்றியைக் கார்டுப் பரிவர்த்தனைகளை வைத்து அளந்தால், முதல் நாளே சோடா விற்பனை பூஜ்யம் என்று அறிக்கை வந்துவிடும். தடுத்த பொருள் தடுக்கப்பட்டது என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. கடையின் உறுப்பினர் எண்ணை வைத்து, ஒரு குடும்பம் கார்டிலும் ரொக்கத்திலும் சேர்த்து வாங்கிய மொத்தத்தைத் தடைக்கு முன் ஓராண்டு, பின் ஓராண்டு என்று, தடையில்லாத பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட வேண்டும். 2011-இல் நியூயார்க்கின் கோரிக்கையை மறுத்தபோது வேளாண்மைத் துறை சொன்ன காரணங்களில் ஒன்றே, விளைவை நம்பகமாக அளக்க வழியில்லை என்பதுதான்.